லாரியின் முதுகில் இருந்த எண்

சீருடை தைக்கும் கம்பெனியில் காலர் வைப்பது அவள் வேலை. அங்கே எல்லாருக்கும் அவள் காலரக்கா. தாயில்லாத வீட்டில் அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி, கடல் தாண்டிப் போய் லாரி ஓட்டினான். முதலில் தினமும் பேசினான், பிறகு எப்போதாவது. கடைசியில் எண்ணை மாற்றிவிட்டான், பேச்சே நின்றுபோயிற்று. "எங்கேயோ நல்லா இருந்தா சரி" என்று வெளியே சொல்லிக்கொண்டாலும், போன் அடித்தால் அவன்தானோ என்று ஓடி எடுப்பாள்.

அவளிடம் மிஞ்சியது அவன் எப்போதோ அனுப்பிய ஒரு படம். லாரியின் பின்பக்கம் சாய்ந்து சிரிக்கிறான். தலைக்கு மேலே, ஓட்டுநர் எப்படி ஓட்டுகிறார் என்று இலவசமாக அழைத்துச் சொல்லும்படி ஆங்கிலத்தில் ஒரு வாசகம். கீழே சில எண்கள், அப்புறம் வெறும் எழுத்துகள்.

செல்போன் பழுது பார்க்கும் கடைக்காரரிடம் காட்டினாள். "இது நம்பரா? ஆள் பேராட்டம் இருக்கே!"

"நம்பர்தான்க்கா. மனசுல நிக்கட்டும்னு இப்படி எழுதுவாங்க. போன்ல எண்ணுக்குக் கீழ பொடி எழுத்து இருக்கு பாருங்க, அதைப் பார்த்து அமுக்கணும். ஆனா இங்கேருந்து அடிச்சா இலவசம் இல்ல."

"பரவாயில்ல."

எழுத்துக் கூட்டி அவளே அமுக்கினாள். ஒரு பெண் எடுத்தாள். கடைக்காரர் ஆங்கிலத்தில் பேசி, படத்தில் தெரிந்த லாரி எண்ணையும் தம்பியின் பெயரையும் சொன்னார்.

"இன்னும் உங்க தம்பிதான் ஓட்டுறாராம்க்கா."

அவளுக்குப் பாதி உயிர் வந்தது.

"ஆனா அவர் நம்பரைத் தர மாட்டாங்களாம். பாராட்டுன்னா ஃபைல்ல வைப்பாங்க. புகார்னா கூப்பிட்டு விசாரிப்பாங்களாம். மோதிட்டார்னு சொல்லிடவா?"

"ஐயையோ! அவன் பொழப்புல மண்ணைப் போட்டுடாதீங்க." கொஞ்சம் யோசித்தாள். "புகார்னே எழுதச் சொல்லுங்க. வண்டி நல்லாத்தான் ஓட்டுறான். அக்காவுக்குத்தான் போன் பண்ண மாட்டேங்கிறான்."

கடைக்காரர் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னதும், அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தமும், தட்டச்சுச் சத்தமும் கேட்டன.

அடுத்த வாரம், சாப்பாட்டு இடைவேளையில் போன் அடித்தது.

"என்னக்கா, ஆபீஸ்ல என் மானத்தை வாங்கிட்டியே!"

"சாப்பிட்டியாடா?"

"சாப்பிட்டேன்க்கா" என்றான். அப்புறம், "சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் சம்பாதிக்கலக்கா. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பேசுறது?"

"எனக்கு அந்த மூஞ்சியேதான்டா வேணும்."

"சீக்கிரம் வந்துடுறேன்" என்றான். எப்போது என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

போனை வைத்ததும் புது எண்ணைப் பதிந்துகொண்டாள். உடனே ஒரு முறை அடித்துப் பார்க்கக் கை பரபரத்தது. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான் என்று அடக்கிக்கொண்டாள்.