அகிலாண்டத்தின் ஐந்து படிகள்

நெடுஞ்செழியனின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அகிலாண்டம் பார்த்தது அவன் கால்களைத்தான். தஞ்சாவூர் கீழவாசல் பக்கத்துச் சந்து அது. தூசிக்குப் பயந்து ஜன்னலின் மேல்கதவை அவர் சாத்தியே வைத்திருப்பார். தையல் மிஷினில் உட்கார்ந்தபடி கீழ்ப்பாதி வழியே பார்த்தால், தெருவில் போகிறவர்களின் முழங்காலுக்குக் கீழே மட்டும் தெரியும்.

"புது பூட்ஸு, ஓரத்துல வயக்காட்டுச் சேறு. எந்த ஊரு தம்பி?"

"ஒரத்தநாடு பக்கங்க்கா. வீட்டத் தூக்க லெவல் எடுக்க வந்திருக்கேன். இன்ஜினியர்."

அவன் குடும்பத்தில் காலேஜுக்குப் போன முதல் ஆள் அவன். இன்ஜினியர் என்ற சொல்லை எங்கும் விட்டுவிட மாட்டான்.

"இன்ஜினியருன்னாலும் குனிஞ்சுதான் வரணும். தல இடிக்கும்."

தெருவிலிருந்து ஒரு படி இறங்கித்தான் வீட்டுக்குள் போக வேண்டியிருந்தது. வீடு ஒன்றும் புதையவில்லை. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே புது ரோடு போட்டுப் போட்டுத் தெருதான் ஏறியிருந்தது. ஜாக்கி வைத்து வீடு தூக்கும் மேஸ்திரி ஹாஜா மைதீன் வாசலோரம் பள்ளம் தோண்டினார். மண்ணுக்குள் ஆறு வரிசை ஜல்லியும் தாரும். அவற்றுக்கு நடுவே, புதைந்த பழைய படிகள் ஐந்து.

அகிலாண்டம் குனிந்து, அடியிலிருந்த வரிசையில் விரலை வைத்தார்.

"இது போட்ட வாரந்தான் அவரு வந்தாரு."

அவர் கணவர் வைத்தியலிங்கத்துக்குக் கண் மங்கல். சந்தில் எல்லா வீடும் ஒரே அச்சு. இதற்கு மட்டும்தான் ஐந்து படி. எண்ணி ஏறித்தான் தன் வீட்டை அவர் கண்டுபிடிப்பார். பதினாலு வருஷத்துக்கு முன், அண்ணனின் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போனார். காய்ச்சலில் கிடந்த அகிலாண்டம் கூடப் போகவில்லை. நாலு நாளில் அவர் திரும்பியபோது புது ரோடு அடிப்படியை விழுங்கியிருந்தது. கண்டக்டர் பழைய பஸ் ஸ்டாண்டில் அவரைப் பத்திரமாக இறக்கிவிட்டிருக்கிறார். அவர் வீட்டுக்கு மட்டும் வந்து சேரவில்லை.

"நாலு படி ஏறிப் பாத்திருப்பாரு. அடுத்தவங்க வீடுன்னு இறங்கிட்டாரு. இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்காரு. எனக்கு அஞ்சு படி வேணும் தம்பி, அவ்வளவுதான்."

மணி மூன்று. உள்ளே வந்து உட்கார்ந்ததும் அகிலாண்டம் அவனுக்கு ஜன்னலைக் காட்டி, "அதோ," என்றார்.

ஜன்னலுக்கு வெளியே இரண்டு கால்கள். குதிகால் தேய்ந்த ரப்பர் செருப்பு. வலது கட்டைவிரல் சுவரோரமாக எதையோ தடவித் தேடியது. நெடுஞ்செழியன் வெளியே பாய்ந்தான்.

"யாரு பாய் இங்க நின்னது?"

"நான்தான் காலையிலேருந்து நிக்கிறேன். வேற யாரு?" என்றார் ஹாஜா மைதீன்.

பள்ளத்து ஈரமண்ணில் ஒரு கட்டைவிரல் தடம் இருந்தது.

இருபது நாளில் வீடு எழும்பியது. மழைத்தண்ணீருக்கும் அடுத்த ரோட்டுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்ட நெடுஞ்செழியன் ஆறு படி வைத்தான். "அஞ்சுல அடக்கினா ஒவ்வொண்ணும் உயரமாயிரும்க்கா. முட்டி வலிக்கும்."

சிமெண்ட் காய்ந்த அன்று மூன்று மணிக்கு இருவரும் உள்ளே இருந்தார்கள். படியில் செருப்புச் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்குவது கேட்டது. அகிலாண்டம் மிஷின் சக்கரத்தை இறுகப் பிடித்திருந்தார். பிறகு ஒவ்வொன்றாக இறங்கிப் போனது.

"இன்னும் ஒண்ணு இருந்துச்சே தம்பி," என்றார்.

கடப்பாரையை நெடுஞ்செழியனே எடுத்தான்.

"இன்ஜினியர் சார் கணக்கு என்னாச்சு?" என்று சிரித்தார் ஹாஜா மைதீன். ஆறையும் இடித்து, உயரம் கூட்டி, ஐந்தாகக் கட்டினார்கள்.

போன மாதம் தன் அம்மா பொன்னுத்தாயின் ரவிக்கைத் துணியோடு அவன் அங்கே போனான். படிகளில் மெல்லிய தூசி. அதில் செருப்புத் தடங்கள் மேலே ஏறியிருந்தன. இறங்கிய தடம் ஒன்றுகூட இல்லை. கதவைத் தட்டக் கை ஓங்கினான்.

"தட்டாதீங்க தம்பி," உள்ளேயிருந்து தணிந்த குரல். "கொல்லப்பக்கமா வாங்க. முன்னால அவரு தூங்குறாரு."

அகிலாண்டம் இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறார். தைக்கக் கொடுப்பவர்கள் கொல்லை வழியாகப் போய் வருகிறார்கள்.