மேரி சித்தி கேட்டது

பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருப்பதாக மைக்கில் சொல்லிக்கொண்டே இன்று காலை ஓர் ஆட்டோ போனது. என் கணவர் போன படகு இன்னும் கரை திரும்பவில்லை. அந்தக் கரகரத்த குரல் என்னை ஒன்பது வயதுக்குக் கொண்டுபோய்விட்டது.

அப்போது என் அப்பாவும் பக்கத்து வீட்டு மேரி சித்தியின் கணவரும் ஒரே படகில் போய்ப் புயலில் சிக்கியிருந்தார்கள். அம்மா நான்கு நாட்கள் பாயைவிட்டு எழவில்லை. வீடெங்கும் ஈரத்துணி வாடையும் அணைந்த அடுப்பின் சாம்பல் வாடையும்தான். சித்திதான் தினமும் வந்து கஞ்சி காய்ச்சி, எனக்குத் தலை பின்னிவிடுவார்.

"எந்திரிங்கக்கா. அண்ணன் வரும்போது வீடு இப்புடியா கெடக்கணும்? ரெண்டு பேரும் ஒண்ணாத்தான வருவாக."

ஐந்தாம் நாள் அப்பா மட்டும் வந்தார். உதடெல்லாம் வெடித்திருக்க, நிற்க முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்தார். சித்தி ஓடி வந்தார். அப்பா தலை நிமிரவில்லை. அதிலேயே சித்திக்குப் புரிந்துவிட்டது. "சாப்ட்டீகளாண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

அதன்பிறகு பல மாதங்கள் அம்மாதான் சித்தி வீட்டுக்குச் சோறு கொண்டுபோனார். பல நாள் கதவு திறக்காது. அம்மா வெளியிலேயே காத்திருப்பார்.

இன்று மதியம், என் கணவரோடு அதே படகில் போன சூசையின் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கைக்குழந்தையோடு மூலையில் முடங்கியிருந்தாள்.

"வந்துருவாகளாக்கா?"

"வந்துருவாக. பிள்ளைய இங்கன குடு. நீ போயி குளிச்சிட்டு வா."

என் குரல் நடுங்கியதை அவள் கவனித்திருப்பாள். ஆனாலும் குழந்தையைக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.