வெற்றுத்தாளில் வைத்த கைநாட்டு

என் எழுத்து வரிக்கோட்டை விட்டு ஏறியும் இறங்கியும் போகும்; பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருடம் கரண்டி பிடித்துச் சுவர் பூசிய கை. பேனா பிடித்து இரண்டு வருடம்தான் ஆகிறது. ஒரு வரி முடிவதற்குள் வேர்த்துவிடுகிறது. ஆனாலும் ஒவ்வொரு வரிக்கும் மனம் துள்ளுகிறது.

போன வியாழக்கிழமை ஆரப்பாளையத்தில் சாரத்தின் மேல் நின்றிருந்தேன். பால்வாடி ஆயா கீழே வந்து நின்று, "மாயாண்டிண்ணே, இறங்கி வாங்க. நம்ம மும்தாஜ் டீச்சர் போயிட்டாங்க" என்றாள். கலந்த சாந்து சட்டியிலேயே இறுகிவிட்டது.

அடக்கத்துக்கு மரக்கடைக்காரரும் வந்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நானும் டீச்சரும் சேந்துதான் இந்தப் பால்வாடியவே கொண்டாந்தோம்" என்றார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்களில் பலருக்குத் தெரியும். கோரிப்பாளையத்தில் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று பேச ஒரு குழு போட்டார்கள். மரக்கடைக்காரர் தலைவர். பால்வாடிக்கு மும்தாஜ் டீச்சர், பள்ளிக்கூடத்துக்கு ஹெட்மாஸ்டர், ஊசி போடும் நர்சம்மா, கூலிக்காரர்களுக்கு நான். மரக்கடையில்தான் கூட்டம். டீ வரும்போதே தீர்மான நோட்டும் வரும். என்னைப் போன்றவர்கள் பாதியில் வேலைக்குப் போய்விடுவோம் என்பதால், எழுதாத தாளிலேயே முதலில் கையெழுத்து வாங்கிவிடுவது வழக்கம். நான் கட்டைவிரலை உருட்டிவிட்டு டீயைக் குடிப்பேன்.

அப்படி ஒரு நாள், எங்கள் தெருவிலுள்ள காலி இடத்தில் பால்வாடி கட்டுவது என்று பேசி முடித்தோம். அடுத்த மாதம் அங்கே தேக்குமரம் அடுக்கியிருந்தது. பால்வாடியை நாலு ரோட்டுச் சந்திப்புக்கு அந்தப் பக்கம் தள்ளியிருந்தார்கள். கேட்டதற்கு, "நீயும்தானப்பா கைநாட்டு வச்ச" என்றார் தலைவர். லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே பிள்ளைகள் ரோட்டைத் தாண்டினார்கள். என் பேத்தி பேச்சியை ஒரு மாட்டுவண்டி இடித்தது. இன்றும் அவள் காலை இழுத்துத்தான் நடக்கிறாள்.

கடப்பாரையோடு கிளம்பினேன். டீச்சர் வாசலில் மறித்தார்.

"யார அடிக்கப் போறீங்க?"

"அந்த மரக்கடைக்காரன் மண்டையப் பிளக்கப் போறேன், தள்ளுங்க."

"பிளந்தா நீங்க செயிலுக்குப் போவீங்க, மரம் அங்கனயே கிடக்கும். உங்க கைநாட்டுக்கு மேல என்ன எழுதியிருக்குன்னு நான் பாத்துட்டேன். அந்த நோட்ட உங்க வாயால படிக்கணும்ணே. கோவத்தச் சும்மா உக்கார வைக்காதீங்க, வேலைக்கு அனுப்புங்க."

மறுநாள் சாயங்காலமே சிலேட்டைக் கொடுத்தார். என் விரலுக்குள் பல்பம் ஒடிந்துகொண்டே இருந்தது. "அம்புட்டுக் கோவத்தையும் பல்பத்துமேல காட்டாதீங்கண்ணே, கொஞ்சம் மிச்சம் வையுங்க" என்று சிரிப்பார். மிச்சம் வைத்தேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு கூட்டத்துக்கு மாநகராட்சி அதிகாரி வந்திருந்தார். டீ வந்தது, நோட்டும் வந்தது. தலைவர் மைப்பெட்டியை நகர்த்தி, "மாயாண்டி, விரல நீட்டுப்பா" என்றார். நான் விரலை நீட்டவில்லை. பழைய பக்கத்தைப் புரட்டி, எழுத்து எழுத்தாகப் படிக்கத் தொடங்கினேன். டீயில் ஆடை படிந்தது.

"எல்லாருக்கும் சோலி இருக்குய்யா" என்றார் தலைவர்.

"படிக்கட்டும்" என்றார் அதிகாரி.

"காலி இடத்தில் மரம் அடுக்கிக்கொள்ளத் தாய்மார்கள் ஒருமனதாகச் சம்மதித்தனர்" என்று படித்து முடித்தேன். டீச்சர் அழைத்துவந்த தாய்மார்கள் வாசலில் நின்றார்கள். "யாருய்யா சம்மதிச்சது? உங்க வீட்டுப் பிள்ளையா ரோட்டத் தாண்டுது?" என்று ஒருத்தி உள்ளே பாய்ந்தாள். தலைவரின் முகம் செத்துப்போனது. அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு ஒரு கவளம் சோறு கூடுதலாக இறங்குகிறது.

ஒரே வாரத்தில் மரம் போனது; தலைவர் பதவியும் போனது. அதே இடத்தில் எழும்பிய பால்வாடிச் சுவரை நானே பூசினேன். அன்று டீச்சர் சொன்னது இவ்வளவுதான்: "ஒருமனதாகங்கிற எடத்துல தடுமாறுவீங்கன்னு பயந்தேன்ணே."

டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த எழுத்தும், ஆறாத கோபமும். பேச்சியின் கால் சரியாகாதவரை அது ஆறாது. ஆறவும் வேண்டாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பால்வாடியில் இரங்கல் கூட்டம். மரக்கடைக்காரரும் பேசுகிறாராம். பேசட்டும். தீர்மான நோட்டு இப்போது என் பொறுப்பில். அவர் சொல்வதைச் சொன்னபடி எழுதுவேன். நடந்ததை அதற்குக் கீழே எழுதுவேன். எல்லாருக்கும் கேட்க வாசித்துவிட்டு, அதன்பிறகு அவரிடம் கையெழுத்துக் கேட்பேன்.

டீ அதற்கு அப்புறம்தான் வரும்.