மூடி மாறிய இரண்டு பாட்டில்கள்

என் மேஜையின் இடது ஓரத்தில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பாட்டில் நிற்கிறது. அதன் மூடி திறக்காது. கழுத்தில் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறது, மூடியில் நீல நூல். அடியில் ஊசி நுழைந்த ஓட்டை ஒன்று உண்டு. ஹவுராவில் நான் வேலை பார்க்கும் சிறிய பெயிண்ட் ஆலையின் சோதனை அறைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒருமுறையாவது அதை எடுத்துத் திருகிப் பார்க்காமல் இருப்பதில்லை. போன வாரம் சேர்ந்த பையன் கை சிவக்கத் திருகிவிட்டு, "உள்ளே ஒண்ணுமே இல்லையே தாதா, அப்புறம் எதுக்கு இவ்வளவு இறுக்கி மூடி வச்சிருக்கீங்க?" என்று கேட்டான். தாதா என்றால் இங்கே அண்ணன். அவனுக்கு ஒரு வாக்கியத்தில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாட்டில் என் அண்ணி கொடுத்தது. அவர் கடலூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி கல்கத்தாவில் எங்கள் டாக்குரியா வீட்டுக்கு வந்தபோது நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். ரயில் போகும்போதெல்லாம் அடுக்கிய பாத்திரங்கள் நடுங்கும் இரண்டு அறை வீடு அது. அப்பா ஹவுராவில் மூட்டை சுமந்தவர், கைநாட்டு. அண்ணன் பாதியில் பள்ளியை விட்டு லேத் பட்டறைக்குப் போனவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். ரேஷன் அட்டை, கரண்ட் பில், ஊரிலிருந்து வரும் கடிதம் என்று வீட்டுக்குள் வரும் எழுத்தெல்லாம் என் வழியாகத்தான் உள்ளே வரவேண்டும். அண்ணிக்குத் தமிழ் எழுத்தும் தெரியாது, வங்காள எழுத்தும் தெரியாது. ஆனால் அவர் விரல்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட எனக்குத் தெரியாது என்பது புரிய நான் வேதியியலில் பட்டம் வாங்கவேண்டியிருந்தது.

லேக் மார்க்கெட்டில் உதிரிப்பூ வாங்கிக் கட்டி, அந்தப் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்குக் கொடுப்பது அண்ணியின் வழக்கம். பூக்கட்ட நூல் வாங்கப் போன இடம் காளிகாட் சந்து ஒன்றிலிருந்த தூண்டில் சாமான் கடை. ரீல் தீரும்போது மிஞ்சும் துண்டு நூல்களைக் கடைக்காரர் அவருக்கு எடுத்துவைப்பார். ஒருநாள் மழைக்கு ஒதுங்கிய நேரத்தில் அண்ணி கடை வாசலில் நின்றபடியே மல்லிகை கட்டியதைப் பார்த்து, "பௌதி, இந்த விரலை வச்சுக்கிட்டு நீங்க பூவா கட்றீங்க?" என்றாராம். பௌதி என்றாலும் அண்ணிதான். எனக்கும் கடைக்காரருக்கும், அந்தக் கடைக்கு வரும் அத்தனை மீன்பிடிப் பைத்தியங்களுக்கும் அவர் அண்ணியாகவே இருந்தார்.

தூண்டில் கம்பில் நைலான் நரம்பு ஓடுவதற்குச் சின்னச் சின்ன வளையங்கள் உண்டு. அவற்றைக் கம்போடு சேர்த்து, இழைக்கு இழை ஒட்டி, இடைவெளி தெரியாமல் நூல் சுற்றவேண்டும். அதன்மேல் பூச்சுப் பூசினால்தான் தண்ணீர் இறங்காது, பெரிய கட்லா மீன் இழுத்தாலும் வளையம் பிடுங்கிக்கொள்ளாது. முதலில் அண்ணிக்கு நூல் வேலை மட்டும் வந்தது. பூச்சு கடையிலேயே நடந்தது. அப்போது பூசியது வார்னிஷ். ஒருமுறை திறந்த டப்பாவில் மறுவாரம் பாலாடை மாதிரி ஏடு படிந்துவிடும், ஒரு மாதத்தில் பாதி கெட்டியாகிவிடும். கடைக்காரர் ஒவ்வொரு முறையும் ஏட்டை வழித்து எறிந்துவிட்டுத் திட்டுவார். கையிருப்பு தீரப்போன ஒரு மழைக்காலத்தில், மிஞ்சிய கால் டப்பா வார்னிஷைக் கெடாமல் வைத்திருக்க முடியுமா பாருங்கள் என்று அண்ணியிடம் கொடுத்தார். அண்ணி அதை வாய் குறுகிய கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றினார். பிறகு தன் மகனின் கோலிக்குண்டுகளைக் கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றாக உள்ளே போட்டார். வார்னிஷ் கழுத்துவரை ஏறி நின்றது. மூடினார். அவ்வளவுதான். துர்கா பூஜை வரை அதில் ஏடே படியவில்லை.

"காத்துக்கு இடம் குடுத்தாத்தானே அது வந்து உக்காரும்" என்றார்.

இதையே ஆக்ஸிஜன், மேற்பரப்பு என்று நான் அரைமணி நேரம் விளக்கினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்போ நான் செஞ்சது சரிதான்னு சொல்றே" என்று சொல்லி அண்ணி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். கோலிக்குண்டுகளைத் திருப்பித் தரச் சொல்லி அவர் மகன் இரண்டு நாள் அழுதான்.

அந்தப் பாட்டிலைப் பார்த்த பிறகுதான் கடைக்காரர் பூச்சு வேலையையும் அண்ணியிடம் கொடுத்தார். அங்கே அது சாதாரண விஷயம் இல்லை. பூச்சுப் பூசுகிறவருக்குத்தான் கம்பில் தன் அடையாளம் வைக்கும் உரிமை உண்டு. அண்ணி கைப்பிடிக்கு மேலே ஒரே ஒரு சுற்று மஞ்சள் நூல் வைத்து அதன்மேல் பூசினார். எழுதத் தெரியாதவரின் கையெழுத்து அது. டாக்குரியா ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பவர்களின் கம்புகளில் அந்த மஞ்சள் கோடு தெரிந்தால், காய்கறிப் பையோடு போகிற அண்ணியின் நடை கொஞ்சம் மெதுவாகும். நின்று பார்க்கமாட்டார். நடை மட்டும் மெதுவாகும்.

தொண்ணூறுகளின் கடைசியில் வெளிநாட்டுப் பூச்சு வந்தது. இரண்டு சிறிய பாட்டில்கள், ஒன்றில் ரெசின் என்ற பிசின், மற்றதில் அதை இறுக வைக்கும் ஹார்டனர். இரண்டும் தெளிவாக, ஒரே மாதிரி இருக்கும். மூடிகளும் ஒரே வெள்ளை. சம அளவு எடுத்துக் கலந்தால் கண்ணாடி போல இறுகும். கலக்காதவரை இரண்டும் சமர்த்தாக இருக்கும். ஒன்றின் துளி மற்றதில் பட்டால் போயிற்று. அண்ணி முதல் நாளே ரெசின் பாட்டிலின் கழுத்திலும் மூடியிலும் சிவப்பு நூலும், ஹார்டனரின் கழுத்திலும் மூடியிலும் நீல நூலும் சுற்றிவிட்டார். துடைக்கும் துணியும் இரண்டுக்கும் தனித்தனி. குளிர்காலத்தில் ரெசின் கலங்கியபோது நான் கெட்டுவிட்டது என்றேன். அவர் உறைந்த தேங்காய் எண்ணெய்க்குச் செய்கிற மாதிரி பாட்டிலை வெந்நீரில் நிறுத்தினார். தெளிந்துவிட்டது.

"ரெண்டும் ஓரகத்தி மாதிரிடா தம்பி. ஒரே வீட்டுல இருக்கலாம். ஒருத்தி சாமானை ஒருத்தி தொடக்கூடாது."

அந்த வருஷம் நான் ஒரு ஆய்வகத்தில் ஆறு மாதப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே எதைத் தொட்டாலும் லேபிள். ஒரு சனிக்கிழமை மத்தியானம், அண்ணி பூக்கொடுக்கப் போயிருந்த நேரத்தில், அவருக்கு உதவி செய்கிறேன் என்று உட்கார்ந்தேன். பிசுபிசுப்பேறி அழுக்காகிப்போயிருந்த நூல்களை பிளேடால் அறுத்தேன். இரண்டு மூடிகளையும் ஒரே கிண்ணத்து ஸ்பிரிட்டில் போட்டு ஒரே துணியால் துடைத்தேன். அழகான ஆங்கில எழுத்தில் பெயர் எழுதிப் பாட்டில்களில் ஒட்டினேன். மூடிகளில் ஒட்டவில்லை. எது எதன் மூடி என்று ஒரு கணம்கூட யோசிக்காமல் திருகி மூடினேன். இவ்வளவு நாள் நூலைக் கட்டி வைத்துக்கொண்டிருந்தார்களே என்று சிரித்துக்கொண்டதுகூட ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் காலையில் இரண்டு மூடியும் அசையவில்லை. மூடியின் திருகு வரிகளில் மிஞ்சியிருந்தது கழுத்தில் இருந்ததோடு சேர்ந்து இரவோடு இரவாக இறுகிவிட்டது. அண்ணி பாட்டில்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நூல் எங்கடா?"

"லேபிள் ஒட்டியிருக்கேன் அண்ணி."

அவர் லேபிளைப் பார்த்தார். அது அவருக்கு என்ன சொல்லியிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. திட்டவில்லை. ஸ்வெட்டர் பின்னும் ஊசியைப் பழுக்கக் காய்ச்சி இரண்டு பாட்டிலின் அடியிலும் ஓட்டை போட்டு, உள்ளே கெடாமலிருந்ததை இரண்டு மருந்துப் பாட்டில்களில் வடித்தார். புது நூல் சுற்றினார். அப்போது கையிலிருந்த ஆறு கம்புகளையும் சொன்ன நாளில் முடித்தார்.

ஆனால் பழைய பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த பாட்டில் என்பது கடையின் வழக்கம். கடைக்குப் போனால் அண்ணிக்கும் கடைக்காரருக்கும் நடுவே மொழிபெயர்ப்பது என் வேலை. அண்ணியின் வங்காளம் காய்கறிக் கடையோடு சரி என்று எல்லோரும் நினைத்திருந்தோம். கடைக்காரர் என்னை 'சயின்ஸ் பாபு' என்று கூப்பிட்டு ஸ்டூல் போடுவார். அன்றும் போட்டார். திறக்காத மூடியையும் ஓட்டையையும் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"மூடியை மாத்திப் போட்டிருக்காங்க. படிக்கத் தெரியாதவங்க கையில இதைக் கொடுத்தது என் தப்பு, சயின்ஸ் பாபு. சொல்லுங்க அவங்ககிட்ட" என்றார் வங்காளத்தில்.

நான் அண்ணியின் பக்கம் திரும்பினேன். "இனிமே நூல் மட்டும் சுத்தினா போதுமாம்" என்றேன் தமிழில்.

இவ்வளவுதான் நான் சொன்னது. அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் அடுத்து அதைத்தான் சொல்லப்போகிறார் என்பது எனக்குத் தெரியும், சொல்லவும் செய்தார். அண்ணி தலையாட்டிவிட்டு, மூடி ஒட்டிய பாட்டில்கள் வேண்டாம் என்று கடைக்காரர் தள்ளியதும், அவற்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். நான் அந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அதன்பின் மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டிலிருந்து பூசாத கம்புகள் போயின. வேறு யாரோ பூசினார்கள். யாரோ அடையாளம் வைத்தார்கள். மஞ்சள் நூல் ரீல் ஜன்னல் ஓரத்தில் வெளுத்துக்கொண்டிருந்தது. சொல்லிவிடவேண்டும் என்று வாராவாரம் நினைப்பேன். சொல்லாமல் தள்ளிப்போட்ட ஒவ்வொரு வாரமும் அதைத் திறப்பது கடினமாகிக்கொண்டே போனது. அண்ணி ஒருமுறைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்குச் சோறு போட்டார், சட்டைக்குப் பொத்தான் தைத்தார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

துர்கா பூஜை முடிந்து நாங்கள் கடைக்குப் போன அன்று, ஏரிக்கரைக்காரர் ஒருவர் வந்து மஞ்சள் கோடு போட்ட கம்பு வேண்டும் என்று கேட்டார். "அது இப்ப வர்றதில்லை" என்றார் கடைக்காரர். அண்ணி கவுன்ட்டரின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். வந்தவர் போனதும் கடைக்காரர் என்னிடம், "பௌதிகிட்ட சொல்லுங்க, அடுத்த வாரம் பன்னிரண்டு கம்பு. நூல் மட்டும்" என்றார்.

அந்த இரண்டு சொற்களை இன்னொரு முறை மொழிபெயர்க்க என்னால் முடியவில்லை. ஸ்டூலிலிருந்து எழுந்தேன். "மூடியை மாத்தினது நான். அவங்க கட்டியிருந்த நூலை அறுத்ததும் நான்தான்" என்று வங்காளத்தில் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லையோ என்று மறுபடியும் சொன்னேன்.

 கடைக்காரர், நான் பக்கத்தில் இருக்கும்போது முதல்முறையாக, என்னைத் தாண்டி நேராக அண்ணியிடம் கேட்டார். "பௌதி, அன்னிக்கே ஏன் சொல்லலை?"

அண்ணி பதில் சொன்னார். உடைந்த வங்காளம்தான், ஆனால் ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. "எங்க வீட்டுல படிச்சது இவன் ஒருத்தன். நீங்க அவனுக்கு ஸ்டூல் போடுறீங்க. அதை நானே எப்படி எடுக்கச் சொல்றது?"

அப்படியானால் அன்று கடைக்காரர் சொன்னது முழுக்க அவருக்குப் புரிந்திருக்கிறது. நான் விழுங்கியதும் புரிந்திருக்கிறது. நான்கு மாதம் அதை வைத்துக்கொண்டுதான் எனக்குச் சோறு போட்டிருக்கிறார்.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "சயின்ஸ் பாபுவை நம்பி ஒரு சீசனே போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய் இரண்டு புதுப் பாட்டில்களைக் கொண்டுவந்து அண்ணியின் முன்னால் வைத்தார். "இவர் கை இதுமேல படக்கூடாது. அது ஒண்ணுதான் கண்டிஷன்."

அண்ணி அவற்றை உடனே பையில் போடவில்லை. முந்தானை முடிச்சிலிருந்து சிவப்பும் நீலமும் இரண்டு நூல்துண்டுகளை எடுத்து, கவுன்ட்டரிலேயே வைத்து, கழுத்துக்கும் மூடிக்கும் சுற்றி முடிச்சுப் போட்டார். அந்த நூல்கள் எத்தனை வாரமாக அந்த முடிச்சில் இருந்தன என்று நான் கேட்கவில்லை. வேலை முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"இப்ப வேணா மேல பேரெழுதி ஒட்டிக்கோ."

எனக்கு இந்த ஆலையில் வேலை கிடைத்தபோது, முதல் நாள் காலையில் டிபன் டப்பாவோடு அண்ணி அந்தப் பழைய பாட்டில்கள் இரண்டில் ஒன்றைக் கையில் வைத்தார். கழுத்தில் சிவப்பும் மூடியில் நீலமும் முன்பே சுற்றியிருந்தார். "மேஜைமேல வச்சுக்கோ. உங்க ஆபீஸ்ல எல்லாரும் படிச்சவங்களாம்ல" என்றார். சிரிக்கவே இல்லை. நான் பேருந்து ஏறிய பிறகுதான் சிரித்திருப்பார்.

அண்ணிக்கு இப்போது கண்ணாடி வந்துவிட்டது. இன்னும் பூசுகிறார், இன்னும் அந்த ஒரு சுற்று மஞ்சள் வைக்கிறார். எங்கள் சோதனை அறையில் எந்தப் பாட்டிலைத் திறந்தாலும் நான் முதலில் மூடியிலும் கழுத்திலும் ஒரே நிற நூலைச் சுற்றுகிறேன். லேபிள் அதன்பிறகுதான். புதுப் பையன் அதைப் பார்த்துச் சிரிக்கிறான். சிரிக்கட்டும். அவனிடம் பிளேடை மட்டும் கொடுப்பதில்லை.