மரியதாஸ் திருப்பிய கழுத்து

மரியதாஸ் கை வைத்தால் ஆள் அலறும். அலறினால்தான் சுளுக்கு இறங்கும் என்று மரக்காணம் உப்பளத்தில் எல்லாரும் நம்பினார்கள். அவனும் நம்பினான். லாரிக்கு உப்பு மூட்டை ஏற்றும் லோடுமேன் அவன். வாலிபத்தில் கபடி ஆடியபோது, பிடித்துக்கொண்ட தோளையும் முதுகையும் ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் முறித்துவிட்டுக்கொள்வார்கள். அங்கே பழகிய கை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவன் வீட்டு வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். வாரம் முழுக்கத் தலையில் ஈர உப்பு சுமந்த பெண்கள், பாத்தியில் குனிந்தே நிற்கிற ஆண்கள். குப்புறப் படுக்கவைத்து, நடுமுதுகில் முட்டியை ஊன்றி, இரண்டு தோளையும் பின்னால் இழுப்பான். மளுக்கென்று சத்தம் கேட்கும். படுத்தவர்கள் அழுவார்கள், எழுந்து, லேசாக இருக்கிறது என்பார்கள். சிலர் அதற்குப் பிறகு வேலைக்கு வராமல் படுத்தே கிடந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவன் காசு வாங்கமாட்டான். பேர் மட்டும் போதும் அவனுக்கு.

2005 மே மாதம் பெருமுக்கல்லிலிருந்து ராஜவேல் வந்தான். சொந்த நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிறவன். மூட்டையோடு வண்டியிலிருந்து விழுந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. வலது கை விரல்கள் மரத்துப்போயிருந்தன. கூடவே அவன் மனைவி சுலோசனா. திண்டிவனத்து டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார், அதுவரை கழுத்தை யாரும் தொடக்கூடாது என்றிருக்கிறார் என்று அவள் மரியதாஸிடம் சொன்னாள். ஆனால் ராஜவேலுக்கு அவசரம். நிலத்தில் வேலை கிடந்தது. சுற்றி ஆட்கள் வேடிக்கை பார்த்து நின்றார்கள்.

"டாக்டருங்க அப்டித்தான் சொல்லுவாங்க. நீ உக்காருப்பா" என்றான் மரியதாஸ்.

முக்காலியில் உட்காரவைத்து, தாடையில் ஒரு கையும் பின்மண்டையில் ஒரு கையும் கொடுத்தான். இடப்பக்கம் திருப்பியபோது சத்தம் வரவில்லை. வலப்பக்கம் முழு பலத்தோடு வெடுக்கென்று திருப்பினான். கேட்ட சத்தம் வழக்கமான சத்தமில்லை. ராஜவேல் கத்தவில்லை. அப்படியே தரையில் சரிந்தான். கண்கள் திறந்திருந்தன.

"காலு எங்க?" என்று கேட்டான்.

மரியதாஸ் அவன் காலைப் பிடித்து உலுக்கினான். உலுக்கியது ராஜவேலுக்குத் தெரியவேயில்லை. வேன் பிடித்துப் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். கூட ஏறப்போன மரியதாஸை சுலோசனா மார்பில் உதைத்துக் கீழே தள்ளினாள்.

ஓடிப்போய்விடு என்று தெருவே சொன்னது. அவன் போகவில்லை. சாயங்காலம் ராஜவேலின் அண்ணன் பஞ்சநாதன் உறவுக்காரர்களோடு பைக்குகளில் வந்து இறங்கினான். மரியதாஸின் மனைவி மேரிசெல்வி கதவைத் தாழிட்டாள். கடப்பாரையால் கதவைப் பெயர்த்தார்கள். தலைமுடியைப் பிடித்து அவனை வாசலுக்கு இழுத்து, கட்டையால் காலில் அடித்து வீழ்த்தி, குப்புறத் தள்ளினார்கள். வாயில் மண்ணும் ரத்தமும் அப்பியது.

பஞ்சநாதன் அவன் முதுகில் ஏறி நின்றான்.

"எங்கடா முட்டிய வெப்ப? இங்கியா?"

கேட்டுக்கொண்டே குதிகாலால் ஓங்கி மிதித்தான். ஒவ்வொரு மிதிக்கும் இடம் கேட்டான். மேரிசெல்வி ஓடிவந்து புருஷன்மேல் விழுந்தாள். அவனுக்கு விழவேண்டிய கட்டை அவள் மணிக்கட்டை உடைத்தது. அவள் அலறல் கேட்டு உப்பளத்து ஆட்கள் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். பஞ்சநாதனோடு வந்தவர்களில் ஒருவன் மண்டை உடைந்தது. ஒரு பைக்கைக் கொளுத்தினார்கள். போலீஸ் வந்து இரண்டு பக்கமும் கேஸ் போட்டது.

ராஜவேலைக் கொண்டுபோன அதே ஆஸ்பத்திரிக்குத்தான் மரியதாஸையும் கொண்டுபோனார்கள். இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் விரிசல். ராஜவேலுக்குக் கழுத்தெலும்பு நழுவி நரம்பை நசுக்கியிருந்தது; ஆபரேஷன் முடிந்து, தலையை அசைக்க முடியாமல் கட்டிப்போட்டிருந்தார்கள். இருவரும் ஒரே வார்டில். தம்பியைப் பார்க்க வந்த பஞ்சநாதன் அந்தக் கோடியில் படுத்திருந்தவனைக் கண்டுவிட்டான். போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தான். மரியதாஸ் கட்டிலிலிருந்து தரையில் விழுந்து ஊளையிட்டான். பஞ்சநாதன் மறுபடி காலை ஓங்கினான்.

ராஜவேல் கூரையைப் பார்த்தபடியே சொன்னான். "வேணாண்ணே. அவன் வுழற சத்தம் எங்கழுத்துல இடிக்குது."

பஞ்சநாதன் காலை இறக்கி, சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான்.

இருவருக்கும் உடற்பயிற்சி கொடுக்க வந்தவள் நிவேதா என்ற பிசியோதெரபிஸ்ட். மளுக்கென்று கேட்பது எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தமில்லை, மூட்டுக்குள் இருக்கும் காற்று சத்தம் போடுவது, கை மரத்துப்போனவன் கழுத்தைத் திருப்பினால் நரம்பு நசுங்கும் என்று அவள் மரியதாஸுக்குச் சொன்னாள். அப்படியானால் இத்தனை பேருக்கு நான் செய்தது என்ன என்று கேட்டான். சிலருக்குத் தானாகவே சரியாகியிருக்கும், சிலருக்குக் கெட்டிருக்கும் என்றாள். அன்றைக்கு அவன் சாப்பாட்டைத் தொடவில்லை.

மாதங்கள் கழித்து ராஜவேல் கோல் ஊன்றி நடந்தான். வலது கையால் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்கள். மரியதாஸ் மன்னிப்புக் கேட்கப் பெருமுக்கல் போனான். சுலோசனா அவனை வாசலில் நிறுத்தி, முகத்தில் காறித் துப்பி, கதவைச் சாத்திவிட்டாள். அவன் பெல்ட் போட்ட முதுகோடு பஸ் ஏறித் திரும்பினான்.

இனி மூட்டை தூக்க முடியாது. உப்பளத்தில் காவல் வேலை கிடைத்தது. கோணலாகச் சேர்ந்த மணிக்கட்டோடு மேரிசெல்வி உப்பு சுமந்தாள். பெண்கள் குனிந்து கூடை தூக்குவதைப் பார்த்தால் அவன் கத்துவான்: குனியாதே, கால் மடக்கி உட்கார்ந்து தூக்கு, தலையில் ஏற்றிவிட இரண்டு பேர் வேண்டும். சிலர் கேட்டார்கள். சிலர் சிரித்தார்கள்.

2006 கோடையில் காண்ட்ராக்டர் ஆதிமூலத்துக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பாதி வளைந்தபடி உப்பு அம்பாரத்தருகே வந்து, இங்கேயே முறித்துவிடு என்றான். எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க என்றான் மரியதாஸ். என் சம்பளம் தின்கிறவன் எனக்கே புத்தி சொல்கிறாயா என்று எல்லார் முன்னாலும் ஆதிமூலம் கன்னத்தில் அறைந்தான். திரும்பவும் அறைந்தான். மரியதாஸின் உதடு கிழிந்து பெல்ட்டில் ரத்தம் சொட்டியது. இரண்டு கைகளையும் அக்குளுக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு நின்றான். ஓயும்வரை அறைந்துவிட்டு, நாளையிலிருந்து வராதே என்று சொல்லிப் போனான் காண்ட்ராக்டர். பெரிய முதலியார்சாவடியில் வேறொரு ஆளிடம் போய் அவன் முதுகை முறித்துவிட்டுக்கொண்டதாக அப்புறம் தெரிந்தது.

வீட்டில் மேரிசெல்வி உதட்டைத் துடைத்துவிட்டபோது கேட்டாள். "ஏன்யா பொணம் மாதிரி நின்ன? ஒரு தள்ளு தள்ளியிருந்தா வுழுந்துருப்பானே."

"கைய எடுத்திருந்தா நேரா அவன் கழுத்துக்குத்தான் போயிருக்கும்" என்றான் அவன்.

அவள் வீங்கிய கன்னத்துக்கு வெந்நீர் வைக்க எழுந்து போனாள்.