முதுகு காட்டி ஆடிய ஆட்டம்

லேப்டாப்பில் ஓடிய வீடியோவைப் பார்த்து, "ஒன், டூ, த்ரீ" என்று எண்ணிக்கொண்டே நாங்கள் எட்டுப் பெண்கள் கைகோத்து நகர்ந்த அந்த மாலையை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. மாநிலங்களை ஜோடி சேர்த்து, ஒருவர் நடனத்தை மற்றவர் ஆடி ஒருமைப்பாட்டை வளர்க்க வேண்டும் என்று டெல்லியிலிருந்து உத்தரவு. எங்களுக்கு வாய்த்தது ஜார்கண்ட். நெய்வேலியில் நலப்பிரிவு கிளார்க்காக இருந்த என்னையும் ஆட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். பொறுப்பு முழுவதும் எங்கள் பிரிவு அதிகாரியான மேடத்துடையது.

வீடியோவில் ஆடியவர்கள் ஒரே நிறப் புடவையில், ஒரே அளவுப் புன்னகையோடு, வரிசையாக எங்களைப் பார்த்து நின்றார்கள். மேடம் இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள், "மந்தாரக்குப்பத்துல அந்த ஊர்க்காரங்களே குடியிருக்காங்க. நாம எதுக்குங்க இதப் பாத்து ஆடிட்டிருக்கோம்?" என்று கேட்டுவிட்டு, என்னை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவரின் மனைவி ஒருவர் சொல்லித்தர வந்தார். எங்களைவிட இளையவர், ஆனாலும் எல்லோருக்கும் அவர் அக்காதான். கடைத்தெருவில் பழகிய தமிழ். நாங்கள் ஆடிக் காட்டியதும் முகம் சுருங்கியது.

"நடுவுல மரக்கொம்பு ஒண்ணு நட்டிருப்போம் மேடம். அதான் சாமி. அதுக்கு முதுகக் காட்டிகினு, ஆளுங்கள பாத்து எப்டி ஆடறது? அப்டித்தான் வேணும்னா வேற ஆளப் பாத்துக்குங்க."

கொம்பைப் பார்த்து வட்டமாக நின்றால், விழாவில் முன்வரிசை விருந்தினர்களுக்கு எங்கள் முதுகுதான் தெரியும். மேடம் சிறிது யோசித்தார். "சாமியப் பாத்தே ஆடுவோம். யாராவது கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார். மேடையேற நிரந்தர ஊழியர்களுக்கு மட்டுமே அனுமதி. அக்காவின் பெயரைப் 'பயிற்சியாளர்' என்று தன் கையெழுத்தில் பட்டியலில் சேர்த்தார். மேடையில் மண் நிரப்பிய வாளியில் கிளை நின்றது. அக்காவும் சேர்ந்துகொள்ள, அதைச் சுற்றி ஆடினோம். கைதட்டல் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

ஆட்டத்தைப் படம்பிடித்து அனுப்பிய வீடியோ மேலிடத்திலிருந்து திரும்பி வந்தது: முகங்கள் தெரியவில்லை, கேமராவைப் பார்த்து ஆடி மீண்டும் அனுப்பவும். "வரிசையா நின்னு ஆடி முடிச்சிடலாம் மேடம்" என்று நானே சொன்னேன். இன்று அதை எழுதக் கூசுகிறது. மேடம் கோபப்படவில்லை. கேமராவைத் தானே வாங்கிக்கொண்டு போய்க் கிளையருகே குந்தினார். "இப்ப ஆடுங்க" என்றார். நாங்கள் சுற்றிவர, அவரும் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு முகமாகத் திரும்பினார். அக்கா ஆட்டத்தை நிறுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்போடுதான் வீடியோ போனது; ஏற்றுக்கொண்டார்கள்.

அரசாங்கம் இப்போது எங்களை வேறொரு மாநிலத்தோடு ஜோடி சேர்த்திருக்கிறது. மேடம் ஓய்வு பெற்று வடலூரில் இருக்கிறார். ஆனாலும் மழைக்காலத்தில் அக்காவின் வீட்டுப் பின்புறம் கொம்பு நடும் நாளில் பஸ் பிடித்து வந்துவிடுகிறார். முழங்கால் வலிக்கிறது என்று புலம்பிக்கொண்டே, யாரும் அழைக்கக் காத்திராமல், இரண்டு பெண்களின் கைகளை விலக்கி நடுவில் தன் கையைக் கோத்துக்கொள்கிறார்.