மச்சாளுக்கு ஒரு கீபோர்ட்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் நாங்கள் இருந்த வீட்டில் படிக்கட்டுக்குக் கீழே ஒரு அலுமாரி இருந்தது. மற்ற வீடுகளில் அதற்குள் குடையும் சப்பாத்தும் கிடக்கும். எங்கள் வீட்டில் பதினொரு கீபோர்ட்கள் கிடந்தன. என் மனைவி கதவைத் திறந்தால் ஏதாவது ஒன்று அவள் காலில் விழும். "இதுகளுக்கும் ஒரு நாளைக்குச் சோறு போடச் சொல்லுவியள் போல" என்பாள்.

நான் அலுவலகக் கம்ப்யூட்டர்களைத் திருத்தும் வேலை பார்த்தேன். பழைய மெஷினைக் கழற்றிப் புதிதை வைக்கும்போது பழைய கீபோர்ட் குப்பைக்குப் போகும். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க மனம் வராது. புதிதாக வந்தவை பாரமில்லாதவை, அமத்தினால் ஊறின பிஸ்கட்டை அமத்தியதுபோல இருக்கும். பழையவற்றில் ஒவ்வொரு விசைக்கும் கீழே தனி ஸ்பிரிங். அந்த டக் டக் சத்தத்துக்காகவே நான் தேவையில்லாத கடிதங்கள் எழுதியிருக்கிறேன்.

இது என் ஒருவனின் பைத்தியம் என்று மனைவி நினைத்திருந்தாள். ஆனால் மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு தேவாலய மண்டபத்தில் என்னைப் போன்றவர்கள் இருபது பேர் கூடுவோம். ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர் நிஜ பஸ்ஸின் ஸ்டியரிங்கைக் கார்ப் பந்தய விளையாட்டுக்கு இணைத்திருந்தார். அதை வைக்கவே ஒரு மேசை போதாது. இன்னொருவர் கீபோர்டை மரம் அறுக்கும் வாளால் இரண்டாக அறுத்து, கைக்கொரு பாதியாக வைத்து அடிப்பார். ஜாய்ஸ்டிக்கைக் கழற்றி வைத்துக்கொண்டு, பெண் வீட்டார் மாப்பிள்ளையை விசாரிப்பதுபோல அதன் உள்ளுறுப்புகளை விசாரிப்போம். அங்கே யாரும் என்னிடம் எந்த நாடு என்று கேட்டதில்லை. எந்த ஸ்பிரிங் என்றுதான் கேட்டார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அந்தக் காலத்தில் மனைவியின் அக்கா எங்களோடு இருந்தார். எனக்கு மச்சாள். யாழ்ப்பாணத்தில் மாவட்டத்தை நிர்வகிக்கும் அரசாங்க அதிபரின் அலுவலகத்தில் பன்னிரண்டு வருடம் தமிழ்த் தட்டச்சாளராக இருந்தவர். லண்டனில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் ஷிப்ட் வேலை. ஒவ்வொரு தட்டிலும் ஒரு பாண் துண்டு, ஒரு பட்டர் அடுக்க வேண்டும். தொலைக்காட்சி பார்க்கும்போது அவருடைய விரல்கள் மடியில் எதையோ அடித்துக்கொண்டிருக்கும்.

ஒருநாள் தமிழ்ப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. டூட்டிங் பக்கம் ஒரு தமிழ் அச்சகத்துக்குக் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்க ஆள் தேவை. மச்சாள் நல்ல சேலையை உடுத்து, அதற்குமேல் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். திரும்பி வந்தவரின் முகம் தொங்கிப்போயிருந்தது. அந்தக் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துகளைத் தட்டித்தான் தமிழை வரவழைக்க வேண்டும். மச்சாளின் பத்து விரல்களும் பழைய டைப்ரைட்டரின் இடங்களுக்கே போக, திரை முழுக்க வாசிக்க முடியாத குப்பை. அச்சக முதலாளி நல்ல மனிதர். "ரெண்டு கிழமை பழகிப்போட்டு வாங்கோ அக்கா. அதுக்குப் பிறகு நான் வேற ஆளைத்தான் பாக்க வேணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"எனக்கு ஏலாது. நான் பாணையே அடுக்கிறன்" என்றார் மச்சாள்.

"உங்கட விரலை ஏன் மாத்துவான்? கீபோர்டை மாத்துவம்" என்றேன் நான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

அலுமாரியிலிருந்து ஆகப் பாரமானதை எடுத்து, விசை மூடிகளைக் கழற்றி, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஊறப்போட்டேன். எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று மச்சாளைக் கேட்டேன்.

"தெரியாது."

"பன்னிரண்டு வருஷம் அடிச்சனீங்கள்?"

"விரலுக்குத் தெரியும், தம்பி. எனக்குத் தெரியாது."

அதற்கும் ஒரு வழி கண்டோம். எழுத்தில்லாத வெறும் கீபோர்டை அவர் முன் வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, ஒரு விரல் போய் ஓரிடத்தில் இறங்கும். நான் அதைக் குறித்துக்கொள்வேன். ஒரு பின்னேரம் முழுக்க சமையலறை மேசையில் இதுதான் வேலை. விரல் ஒருமுறைகூடத் தயங்கவில்லை. பிறகு சின்னச் சின்ன ஒட்டுத்தாளில் எழுத்துகளை எழுதி ஒட்டி, அழியாமலிருக்க மனைவியின் நிறமில்லாத நகப்பூச்சை மேலே பூசினேன். அதைப் பற்றி அவளுக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. விசையைத் தமிழ் எழுத்தாக மாற்ற ஒரு சின்ன புரோகிராமும் எழுதி முடித்தேன். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

மச்சாள் உட்கார்ந்து முதலில் அடித்த சொல் அம்மா. திரையில் அகரத்தின் தலையில் புள்ளி உட்கார்ந்திருந்தது, மகரம் மொட்டையாக நின்றது. அடுத்தடுத்த சொற்களிலும் எல்லாப் புள்ளிகளும் ஓரெழுத்து முன்னே தள்ளி விழுந்தன.

"புள்ளியைப் பிந்தி அடியுங்கோ மச்சாள்" என்றேன்.

"நான் சரியாத்தான் அடிக்கிறன். நீர்தான் எதையோ பிழையாச் செய்துபோட்டீர்."

என் புரோகிராமைக் குறை சொன்னால் எனக்கு மூக்குக்குமேல் கோபம் வரும். "கன காலமாச்சு, விரல் மறந்திருக்கும்" என்று சொல்லிவிட்டேன். மச்சாள் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதியாகிப்போனேன்.

இரண்டு நாள் வீட்டில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் ஞாயிறு. கோயில் அலுவலகத்தில் ஒரு பழைய தமிழ் டைப்ரைட்டர் இருப்பது மனைவிக்கு ஞாபகம் வந்தது. பூசை முடிந்ததும் எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு போய் அதன்முன் நிறுத்தினாள். மச்சாள் தாளைச் செருகினார். ஒற்றை விரலால், எனக்காக மெதுவாக அடித்தார். அ. பிறகு புள்ளி. புள்ளி விழுந்தது, ஆனால் தாள் நகரவில்லை. பிறகு ம. அது சரியாகப் புள்ளிக்குக் கீழே வந்து உட்கார்ந்த பிறகுதான் தாள் நகர்ந்தது.

"புள்ளிதான் முதல். கண்டீரோ?"

கண்டேன். கையால் எழுதும்போது எழுத்துக்குப் பிறகுதான் புள்ளி. மெஷினில் நேர்மாறு. அதில் அடித்துப் பழகாத எனக்கு அது தெரியவில்லை. தெரிந்தவரிடம் போய்ப் பிழை என்று சண்டை பிடித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ மச்சாள். பிழை என்னில" என்றேன்.

"சரி, சரி. போய்ப் பிரசாதத்தைச் சாப்பிடும்" என்றார்.

புள்ளி அடித்தால் அடுத்த எழுத்து வரும்வரை காத்திருந்து அதன் தலையில் போய் உட்காரும்படி புரோகிராமை மாற்றினேன். மச்சாள் ஷிப்ட் முடிந்து வந்து தினமும் பழகினார். ஒவ்வொரு வரி முடிவிலும், டைப்ரைட்டரின் கைப்பிடியைத் தள்ளும் பழக்கத்தில் அவருடைய இடது கை மேலெழுந்து காற்றை அறையும். இரண்டு தேநீர்க் கோப்பைகள் அப்படி உடைந்தன. அதற்குப் பிறகு மனைவி அந்தப் பக்கம் எதையும் வைப்பதில்லை.

இரண்டு வாரத் தவணை முடிகிற நாள் கீபோர்டைக் கடைப் பையில் போட்டுக்கொண்டு இருவரும் பஸ் ஏறினோம். வழியெல்லாம் மச்சாளின் விரல்கள் மடியில் அடித்துக்கொண்டே வந்தன. இது தவறினால் அவர் இனி எந்த விளம்பரத்துக்கும் போகமாட்டார் என்று எனக்குத் தெரியும். அச்சக முதலாளி பையைத் தூக்கிப் பார்த்து, "இதென்ன, அம்மிக்கல்லோ?" என்றார். நான் அங்கிருந்த கீபோர்டைக் கழற்றி எங்களுடையதைச் செருகி, ஃப்ளாப்பியில் கொண்டுவந்த புரோகிராமையும் ஏற்றினேன். யாரோ கையால் எழுதிக் கொடுத்திருந்த ஒரு பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழை அவர் மச்சாளிடம் நீட்டினார்.

மச்சாள் தாளை இடப்பக்கம் வைத்து, அதைவிட்டுக் கண்ணை எடுக்காமல் அடித்தார். அந்தச் சத்தம் கேட்டு உள்ளே தாள் வெட்டிக்கொண்டிருந்தவர்கூட எட்டிப் பார்த்தார். அந்தக் கம்ப்யூட்டரோ மெதுவானது, ஈடுகொடுக்க முடியவில்லை. மச்சாள் முடித்துக் கையை மடியில் வைத்துவிட்டார். திரையில் இன்னும் தாய்மாமன்மார் பெயர்கள் ஒவ்வொரு எழுத்தாக வந்துகொண்டிருந்தன. நாங்கள் மூவரும் அது வந்து முடியும்வரை காத்திருந்தோம். முதலாளி விரலை வைத்து வைத்து இரண்டு முறை வாசித்தார். எல்லாப் புள்ளிகளும் அதனதன் இடத்தில் இருந்தன.

"எப்ப இருந்து வேலைக்கு வர ஏலும், அக்கா?"

"வந்திட்டன் தானே" என்றார் மச்சாள். மேசையில் இருந்த தட்டிலிருந்து அடுத்த தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீர் வீட்ட போம், தம்பி. நான் வேலை முடிஞ்சு வாறன்."